நீந்திக்கொண்டிருந்தபோதே அற்றுப்போன மீன்

2003 ஜனவரியில் சீனாவின் யிபின் நகருக்கு அருகே மீனவர் வலையில் ஒரு பெண் துடுப்புமீன் சிக்கியது. நீளம் 3 மீட்டருக்கும் மேல். ஆய்வாளர்கள் அதற்குச் சிகிச்சை அளித்து, ஒலியலை அனுப்பும் சிறு கருவியைப் பொருத்தி யாங்சி ஆற்றில் விட்டார்கள். படகில் பின்தொடர்ந்தும் விரைவிலேயே ஒலி தொலைந்துபோனது. உயிருடன் மனிதர் உறுதியாகக் கண்ட கடைசிச் சீனத் துடுப்புமீன் அதுதான்.

துதிக்கைபோல நீண்ட மூக்கு இருந்ததால் அங்கே அதை யானை மீன் என்றும் அழைத்தார்கள். கலங்கல் ஆற்றில் கண் அவ்வளவாக உதவாது; அந்த வேலையை மூக்குதான் செய்தது. இரைமீன் அசையும்போது அதன் தசைகளில் மெல்லிய மின்புலம் எழும். மூக்கில் நிறைந்திருந்த நுண்குழிகள் அதை உணர்ந்துவிடும்.

இத்தனை திறமையும் கான்கிரீட்டின் முன் எடுபடவில்லை. குஞ்சுகள் ஆற்றோடு கீழே போய் வளரும். பருவமடைந்தபின் மேலே ஏறிவந்து முட்டையிடும். 1981இல் கெஜோபா அணை ஆற்றை மறித்தது. மீன் ஏறிச்செல்ல அதில் வழி வைக்கவில்லை. 1970களில் ஆண்டுக்குச் சுமார் 25 டன் பிடிபட்டதாகக் கணக்கு. மிகைமீன்பிடிப்பால் ஏற்கெனவே மெலிந்திருந்த இனம் இரண்டாகத் துண்டுபட்டது.

அணை கட்டியதும் மீன்கள் மறைந்துவிடவில்லை. என்னை மிகவும் வாட்டுவது இதுதான். நெடுங்காலம் வாழும் மீன் என்பதால், புதுக்குஞ்சுகள் வராமலே முதியவை பல ஆண்டுகள் நீந்திக்கொண்டிருந்தன. எப்போதாவது ஒன்று வலையில் தென்படும். இன்னும் இருக்கிறது என்று ஆறுதல் கொள்வார்கள். பின்னாளில் மீன் கண்ணில் பட்ட பதிவுகளை வைத்து ஆய்வாளர்கள் கணக்கிட்டபோது, 1993 வாக்கிலேயே இனம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் நிலையை இழந்துவிட்டது தெரிந்தது. கடைசி மீன் இறந்தது 2005க்கும் 2010க்கும் இடையில் என்பது அதே ஆய்வின் மதிப்பீடு. 2017-18இல் யாங்சி முழுவதும் வலைவீசித் தேடியதில் 332 மீனினங்கள் கிடைத்தன, இது கிடைக்கவில்லை. 2022இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அற்றுப்போன இனமாக அறிவித்தது. தொட்டியில் வளர்த்த மீன் ஒன்றுகூட இல்லை.

அதே அணை வழிமறித்த இன்னொரு மீன் சீன ஸ்டர்ஜன். அது அணைக்குக் கீழேயே முட்டையிடப் புது இடம் கண்டுகொண்டது. மனிதர்கள் அதைப் பண்ணையில் வளர்க்கவும் கற்றார்கள். துடுப்புமீனுக்கு அந்த இரண்டுமே வாய்க்கவில்லை. யாங்சியில் 10 ஆண்டு மீன்பிடித் தடை வந்தது 2021இல்.