வரதட்சணை வழக்கு ராஜியான பிறகு: எஃப்.ஐ.ஆரை ரத்து செய்வது எப்படி?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கணவன் மனைவி தகராறு முற்றினாலும், கடைசியில் இரண்டு வீட்டுப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி முடித்துவிடுவது உண்டு. நகை திரும்பும், சீர் சாமான் வண்டியேறும், பணமும் கைமாறும். மகளிர் காவல் நிலையத்தில் பதிவான வழக்கு மட்டும் அப்படியே நிற்கும். பையன் சிங்கப்பூர் போகப் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போதுதான் அது தலைதூக்கும்.

புகாருக்கு மனு ரசீது மட்டும் கொடுத்திருக்கிறார்கள் என்றால் கவலையில்லை. சமாதானமாகிவிட்டோம் என்று எழுதிக் கொடுத்தால் நிலையத்திலேயே மனுவை முடித்துவிடுவார்கள். எஃப்.ஐ.ஆர். போட்ட பிறகு ‘வாபஸ்’ என்பதே கிடையாது. வழக்கை நடத்துவது அரசு. பெண்ணே விரும்பினாலும் திரும்பப் பெற முடியாது. மனைவியைக் கணவனோ அவன் உறவினரோ கொடுமைப்படுத்துவது என்ற இந்தக் குற்றத்துக்கு, புதிய சட்டம் அமலான 2024 ஜூலை 1-க்கு முந்தைய சம்பவம் என்றால் இந்திய தண்டனைச் சட்டம் 498ஏ, அதற்குப் பிந்தையதற்கு பாரதிய நியாய சன்ஹிதா 85. இரண்டிலும் மூன்று ஆண்டு வரை சிறை, அபராதம். தமிழ்நாட்டில் இது ராஜி செய்துகொள்ள முடியாத குற்றம்; அதாவது இரு தரப்பும் சமாதானமானாலும் கீழ் நீதிமன்றத்தில் வழக்கை முடிக்க முடியாது. ஆந்திரத்தில் 2003-இல் கொண்டுவந்த மாநிலத் திருத்தம் 498ஏ வழக்கு நீதிமன்ற அனுமதியோடு ராஜியாக வழி செய்தது. அதைக் கேள்விப்பட்டு இங்கேயும் மாஜிஸ்திரேட் முன் மனுப் போடுவது வீண் வேலை. வரதட்சணை கேட்பதைக் குற்றமாக்கும் வரதட்சணைத் தடைச் சட்டம் 4-ஆம் பிரிவும் ராஜியாகாது. லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) ஜீவனாம்சம், பணப் பாக்கி எல்லாம் முடிக்கலாம்; ராஜியாகாத குற்றத்தைத் தொட அதற்கு அதிகாரம் இல்லை.

இருக்கும் சரியான வழி உயர் நீதிமன்றம்தான். சிவகங்கை, புதுக்கோட்டை இரண்டு மாவட்டத்துக்கும் மதுரைக் கிளை. அங்கே பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 528-இன் கீழ் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 482) ரத்து மனு தாக்கல் செய்ய வேண்டும். தம்பதி சமரசமாகிவிட்டால் 498ஏ வழக்கை ரத்து செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2003-இல் பி.எஸ். ஜோஷி வழக்கிலேயே சொல்லிவிட்டது. 2012-இல் கியான் சிங் வழக்கில் இன்னும் விரித்துச் சொன்னது. ஆனால் கொலை, பாலியல் வன்கொடுமை போன்ற கொடுங்குற்றம் என்றால் சமரசத்தைக் காட்டி ரத்து கேட்க முடியாது என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது.

மனுவில் குற்றம் சாட்டப்பட்ட அத்தனை பேரும் மனுதாரராக இருக்க வேண்டும். மாமியார், நாத்தனார், கொழுந்தன் என்று எஃப்.ஐ.ஆரில் ஐந்து பேர் இருக்க, மாப்பிள்ளை மட்டும் மனுப் போட்டால் மற்ற நால்வர் மீது வழக்கு நிற்கும். எஃப்.ஐ.ஆர். நகல், குற்றப்பத்திரிகை தாக்கலாகியிருந்தால் அதன் நகலும் சி.சி. எண்ணும் (மாஜிஸ்திரேட் நீதிமன்ற வழக்கு எண்), இருவரும் கையெழுத்திட்ட கூட்டுச் சமரசக் குறிப்பு, ஆட்சேபனை இல்லை என்று பெண் தரும் பிரமாணப் பத்திரம், அடையாள அட்டைகள் ஆகியவை வேண்டும். விசாரணையன்று இருவரும் நேரில் போக வேண்டியிருக்கும். வந்திருப்பவர் புகார்தாரர்தானா என்று காவல் துறை அடையாளம் சொல்லும். மிரட்டலில்லாமல் கையெழுத்திட்டாரா என்று நீதிபதி கேட்பார். வெளிநாட்டில் இருப்பவர் காணொலிக்கு முன்கூட்டியே அனுமதி கேட்டு வைப்பது நல்லது.

சிக்கல் பெரும்பாலும் சமரசப் பத்திரத்தில்தான் வரும். ‘எல்லாச் சாமான்களையும் பெற்றுக்கொண்டேன்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். கழுத்துரு (செட்டிநாட்டுத் தாலி) என்றால் எத்தனை உரு, எத்தனை கிராம். வெள்ளி எவ்வளவு, எவர்சில்வர் எவ்வளவு, எந்தத் தேதியில் யார் கையில் கொடுத்தது என்று கல்யாணத்தின்போது எழுதிய சாமான் பட்டியலோடு ஒப்பிட்டு எழுத வேண்டும். அப்படி எழுதாததால் ராஜியே மறுபடி தகராறாவது உண்டு.

பிரிவது என்று முடிவானால் பணத்தையும் விவாகரத்தையும் கோர்த்து எழுத வேண்டும். இருவரும் சம்மதித்துப் பெறும் விவாகரத்துக்கான இந்துத் திருமணச் சட்டம் 13பி-யில் ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், இரண்டு கட்டமாக மனு நகரும். நடுவிலுள்ள ஆறு மாதத்தைத் தகுந்த வழக்கில் தளர்த்தலாம் என்று 2017-இல் தீர்ப்பு வந்திருக்கிறது. ஆனால் தீர்ப்பு வரும்வரை யாரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். அதனால் முழுப் பணத்தையும் முதல் நாளே கொடுப்பதும் தவறு, பணம் வரும் முன் ரத்துக்குச் சம்மதிப்பதும் தவறு. முதல் கட்ட மனுவின்போது ஒரு பங்கு, இரண்டாம் கட்டத்தில் ஒரு பங்கு, மீதியை டிடியாக எடுத்து ரத்து மனு விசாரணையன்று நீதிமன்றத்திலேயே கொடுப்பது என எழுதினால் இரு தரப்புக்கும் பிடிமானம் இருக்கும். குழந்தைக்கு ஜீவனாம்சம் வேண்டாம் என்று தாய் எழுதிக் கொடுத்தாலும் அது குழந்தையின் உரிமையைக் கட்டுப்படுத்தாது.

குடும்ப வன்முறைச் சட்ட மனு, ஜீவனாம்ச மனு ஆகியவற்றின் எண்களையும் குறிப்பிட்டு, எது எப்போது முடிக்கப்படும் என்று எழுதுங்கள். எஃப்.ஐ.ஆர். ரத்தானதால் அவை தானாக முடியாது.

வக்கீல் வைக்க வசதியில்லாத பெண்கள் வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. உயர் நீதிமன்ற மனுவுக்கும் இலவச உதவி கேட்கலாம்.

உத்தரவு வந்ததும் சான்றிட்ட நகலை வாங்கி, வழக்கு நடக்கும் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலும் காவல் நிலையத்திலும் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். கொடுக்காவிட்டால் கீழ் நீதிமன்றம் வாய்தா போட்டுக்கொண்டே போகும், ஆஜராகாதவர் மீது பிடியாணையும் பிறக்கும். விமான நிலையத்துக்கு லுக் அவுட் நோட்டீஸ் (வெளிநாடு போகாமல் தடுக்கும் அறிவிப்பு) போயிருந்தால், அதை நீக்கக் காவல் துறைக்குத் தனியாக மனுக் கொடுக்க வேண்டும்.