லோ-ஃபை: 'குறை நம்பக இசை'யாம்!

பரீட்சைக் காலம் வந்தால் போதும், 'படிக்கும்போது கேட்க' என்று தலைப்பிட்ட லோ-ஃபை இசைத் தொகுப்புகள் பிள்ளைகளின் கைபேசியில் ஓட ஆரம்பித்துவிடும். அவற்றுக்குக் கீழே தமிழில் ஒரு விளக்கம் போடுகிறார்கள்: 'குறை நம்பக இசை'. சில இடங்களில் இன்னும் நீட்டி, 'குறைந்த நம்பகத்தன்மை கொண்ட இசை'. முதலில் கணினியின் கைவரிசை என்று விட்டுவிட்டேன். இப்போது மனிதர்களும் கூசாமல் எழுதுகிறார்கள். இசையை எதற்கு நம்ப வேண்டும்? கைமாற்று வாங்கிவிட்டு ஊரைவிட்டு ஓடிவிடுமா?

மூலம் எளிது. லத்தீனில் 'ஃபிடெஸ்' என்றால் நம்பிக்கை, வாக்குத் தவறாமை. அதன் வழி வந்தது 'ஃபிடெலிட்டி'. பதிவான ஒலி மூல ஒலியை எவ்வளவு பிசகாமல் திருப்பித் தருகிறது என்பதைக் குறிக்க ஒலிப் பொறியாளர்கள் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். 'ஹை ஃபிடெலிட்டி' சுருங்கி ஹை-ஃபை ஆனது. 1950களில் அது வீட்டுக்கு வீடு புழங்கிய சொல். அதற்கு எதிர்ப்பதம் லோ-ஃபை. 1986இல் அமெரிக்காவின் டபிள்யூஎஃப்எம்யூ வானொலியில் வில்லியம் பெர்கர் என்ற அறிவிப்பாளர், வீட்டிலேயே பதிவு செய்த பாட்டுகளுக்கென வாரம் அரை மணி நேரம் ஒதுக்கி இந்தப் பெயரைச் சூட்ட, அது இசை வகையின் பெயராகப் பரவியது. நம் ஊரில் ஹை-ஃபை வேறு பக்கம் போய்விட்டது. 'அவங்க ரொம்ப ஹை-ஃபை' என்றால் பணக்காரத் தோரணை.

சரி, 'நம்பகம்' ஏன் ஒட்டவில்லை? சாட்சிக்கு நம்பகம் வேண்டும், செய்திக்கு வேண்டும், சீட்டுக் கம்பெனிக்குக் கட்டாயம் வேண்டும். ஒலிப்பதிவைப் பார்த்துக் கேட்கிற கேள்வி வேறு: இது அசல் மாதிரியே இருக்கிறதா? அதற்குப் பேச்சு வழக்கிலேயே நமக்கு ஒரு சொல் இருக்கிறது. 'அச்சு அசல் அப்பா மாதிரியே இருக்கான்' என்கிறோமே, அந்த அச்சு அசல்தான் ஹை-ஃபை. 'அசல்' அரபுச் சொல்லாயிற்றே என்று தனித்தமிழ் நண்பர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். நம்பகம் தூய தமிழ்தான். தூய தமிழில் சொன்னாலும் தப்பு தப்புதான்.

'குறை' அடுத்த வில்லங்கம். குறை என்றாலே பழுது. நல்ல கருவி வாங்கக் காசில்லாமல் பதிவு செய்த காலத்தில் அது பொருந்தியிருக்கலாம். இன்று படிக்கிற பிள்ளைகள் கேட்பதைச் சுத்தமாகப் பதிவு செய்து, பிறகு வேலை மெனக்கெட்டு அழுக்காக்குகிறார்கள். ஒன்றைப் போட்டுக் கேளுங்கள். அடியில் பழைய இசைத்தட்டின் கரகரப்பு. மேலே மின் பியானோ; கேசட்டில் டேப் இழுக்கும்போது வருமே, அப்படிச் சுருதி லேசாக ஆடும். டிரம் நிமிடத்துக்கு 70, 80 அடி. அதுவும் ஒவ்வொன்றும் மயிரிழை பிந்தி விழும். கீச்சென்ற உச்ச ஒலிகளை வெட்டியிருப்பார்கள். பெரும்பாலும் பாட்டு வரி இருக்காது. இருந்தால் படிக்கிற வரியோடு மோதும்.

இந்த மங்கலுக்குப் பரம்பரை உண்டு. 1987இல் வந்த ஈ-மூ எஸ்பி-1200 ஒரு சாம்ப்ளர், அதாவது ஒலித் துணுக்குகளைப் பதிந்து வேண்டியபடி திருப்பி வாசிக்கும் கருவி. அது ஒரு விநாடி ஒலியை 26,040 துண்டுகளாக எடுத்து, ஒவ்வொன்றையும் 12 பிட் துல்லியத்தில் சேமிக்கும். சிடியில் அது 44,100 துண்டு, 16 பிட். துண்டு குறைந்தால் உச்ச ஒலிகள் நிற்காது. ஹிப்-ஹாப் கலைஞர்களுக்கு அந்த மங்கலே பிடித்துப்போனது. இன்றைய லோ-ஃபைக்கு முன்னோடிகள் என்று டெட்ராய்ட்டின் ஜே டில்லாவையும் டோக்கியோவின் நுஜாபெஸையும் சொல்வார்கள். (இருவரும் பிறந்தது 1974 பிப்ரவரி 7. ஜாதகம் பார்ப்பவர்கள் கவனிக்கலாம்.) 2017இல் தொடங்கிய ஒரு யூடியூப் நேரலை, ஹெட்ஃபோன் மாட்டி ஜன்னலோரம் ஓயாமல் எழுதும் பெண்ணின் படத்தோடு இதை மாணவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

ஆகவே என் சொல் 'மங்கொலி'. ஊறுகாய், சுடுசோறு போல இதுவும் வினைத்தொகை. மங்கிய ஒலி, மங்குகிற ஒலி, மங்கும் ஒலி எல்லாம் அடக்கம். 'மங்கலிசை' என்று முதலில் தோன்றியது. வாய்விட்டுச் சொன்னால் மங்கல இசையாகி, முகூர்த்த நேரத்து நாகஸ்வரம் வந்து நிற்கிறது. 'தேயிசை'யும் அழகுதான், ஆனால் தேயிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறது.

இதே அவசரத்தில் 'சில்அவுட்'டைக் 'குளிரிசை' ஆக்கியிருக்கிறார்கள். 1989இல் லண்டனின் ஹெவன் கிளப்பில், ஆடிக் களைத்தவர்களுக்கென்று தனி அறை ஒதுக்கி, அலெக்ஸ் பேட்டர்சன் போன்றவர்கள் அதிரடித் தாளம் இல்லாத இசையை ஓடவிட்டார்கள். அந்த இசைக்கு நிலைத்த பெயர் இது. 'காது குளிரக் கேட்டேன் என்கிறோமே, பொருந்துகிறதே' என்று நண்பர் ஒருவர் மல்லுக்கு நின்றார். காது குளிரக் கேட்பது முழுக் கவனத்தோடு, ஆசையாகக் கேட்பது. இதுவோ கவனிக்காமலே ஓடவிடுகிற இசை. குளிர்வதைவிட ஆறுவதுதான் இங்கே நடக்கிறது: சூடு ஆறும், கோபம் ஆறும், களைப்பு ஆறும். 'ஆறிசை' என்றால் ஏழிசையில் ஒன்று எங்கே என்பார்கள். 'ஆறுதல் இசை'யில் துக்க வீட்டு வாசனை. நல்லது கிடைக்கும்வரை சில்அவுட் என்றே எழுதுகிறேன். தமிழ் ஒன்றும் இடிந்துவிடாது.

என் கோபமெல்லாம் மொழிபெயர்க்கும் முறைமீதுதான். சொல்லை இரண்டாகப் பிளக்க வேண்டியது, அகராதியில் முதலில் கிடைக்கும் பொருளை எடுக்க வேண்டியது, ஒட்ட வேண்டியது. குறிக்கப்படுகிற பொருளைக் கண்ணால் பார்ப்பதில்லை, காதால் கேட்பதில்லை. அறையின் காற்றுபோலச் சும்மா சூழ்ந்திருக்கும் 'ஆம்பியன்ட்' இசைக்குப் 'பின்னணி இசை' என்று போடுகிறவர்களுக்குத் தமிழ் சினிமாவே தெரியாது போலிருக்கிறது. அந்தப் பெயர் படத்தின் டைட்டில் கார்டில் எப்போதோ ஏறிவிட்டது.

இன்னொன்று. பழைய சினிமாப் பாட்டை வேகம் குறைத்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல எதிரொலி சேர்த்து, 'லோ-ஃபை வெர்ஷன்' என்று போடுகிறார்கள். அதை மங்கொலி என்று சொல்ல மாட்டேன். பாட்டு வரி அப்படியே இருக்கிறது. நாமும் கூடவே பாடுவோம், படிப்பு அவ்வளவுதான். அதற்கு 'இழுவைப் பாட்டு' போதும். போட்டவர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.