டீமன்: ஏவல் நிரல்

அனுப்பிய மின்னஞ்சல் உரியவரைச் சேராதபோது ‘மெயிலர் டீமன்’ என்ற பெயரில் மறுமொழி வருவதைப் பலரும் கண்டிருப்பர். திரையில் முகம் காட்டாமல், பயனர் அழைக்கும்வரை காத்திராமல், பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கு யூனிக்ஸ் வழிவந்த, லினக்ஸ் போன்ற இயங்குதளங்களில் டீமன் என்று பெயர். தொலைவிலிருந்து கணினியில் நுழைய உதவும் எஸ்எஸ்எச்டி, அச்சுப்பணியைக் கவனிக்கும் கப்ஸ்டி முதலிய நிரற்பெயர்களின் ஈற்றில் நிற்கும் ‘டி’ இதையே குறிக்கிறது. விண்டோஸில் இவ்வகை நிரல்கள் ‘சர்வீஸ்’ எனப்படுகின்றன.

இச்சொல்லின் கிரேக்க மூலமான ‘தைமோன்’ என்பது கடவுளருக்கும் மனிதருக்கும் இடைப்பட்ட, நன்மையோ தீமையோ செய்யவல்ல ஆற்றலைக் குறித்தது. பிற்காலக் கிறித்தவ எழுத்துகளில்தான் அது தீய ஆவியாகச் சுருங்கியது. 1867இல் இயற்பியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல், இரண்டு அறைகளுக்கு நடுவிலுள்ள சிறு கதவருகே நின்று விரையும் மூலக்கூறுகளை ஒருபுறமும் மெல்லச் செல்பவற்றை மறுபுறமும் ஓயாமல் பிரித்துவிடும் ஒரு சிற்றுருவைக் கற்பனை செய்தார்; அதற்கு டீமன் எனப் பெயரிட்டவர் இயற்பியலாளர் வில்லியம் தாம்சன். அந்த ஓயாத உழைப்பை மனத்தில் கொண்டே, 1963இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஐபிஎம் 7094 கணினியில் பணியாற்றிய பெர்னாண்டோ கோர்பட்டோவின் குழுவினர் பின்னணி நிரல்களுக்கு இப்பெயரைச் சூட்டினர். ‘டிஸ்க் அண்ட் எக்சிகியூஷன் மானிட்டர்’ என்பதன் சுருக்கம் இது என்பது பின்னர் எவரோ கட்டிய விளக்கமே.

தமிழில் ‘பின்னணிச் செயலி’ என்று எழுதுவோர் உண்டு. ஆனால் செயலி என்பது திறன்பேசிச் செயலியையும் கணினியின் மையச் சில்லையும் ஏற்கெனவே சுமப்பதால் அது குழப்பம் தரும். பேய், பூதம் என்று பெயர்ப்பதோ மூலச்சொல்லின் பிற்காலப் பொருளை மட்டும் பற்றிக்கொள்வதாகும். ‘ஏவல் நிரல்’ என்பதே என் தேர்வு. (புணர்ச்சி விதிப்படி ‘ஏவனிரல்’ என்றாகும்; படிப்பவர் திகைப்பர் என்பதால் பிரித்தே எழுதலாம்.) ஏவு என்னும் வினையிலிருந்து வரும் ஏவல், ஒருபுறம் கட்டளையையும் அதன்படி செய்யும் பணியையும் குறிக்கிறது, குற்றேவல் என்ற பழஞ்சொல்லிலும் அப்பொருளே உள்ளது. மறுபுறம், பில்லி, சூனியம், ஏவல் என்னும் பேச்சுவழக்கில், பிறர் ஒருவர்மீது ஏவிவிடும் தீய ஆற்றலையும் அது குறிக்கிறது. கிரேக்கச் சொல்லின் இரு முகங்களும் இங்கே தாமாகவே அமைந்துவிடுகின்றன.

இணைய உலாவிகளைப் பார்க்கும்போது இவ்விரு பொருளும் எனக்குத் தேவைப்படுகின்றன. உலாவி என்ற பெயர் நாம் விரும்பியபோது உலவி, முடிந்ததும் வீடு திரும்புவதையே நினைவூட்டுகிறது. நடப்பு வேறு. விண்டோஸில் குரோமை மூடிய பின்னரும் அதன் நீட்சிகள் (உலாவியில் நாம் சேர்க்கும் துணைநிரல்கள்) பின்னணியில் தொடர இடமளிக்கும் அமைப்பு அதில் உண்டு. எட்ஜின் ‘ஸ்டார்ட்டப் பூஸ்ட்’, உலாவியைத் திறக்குமுன்பே அதன் ஒரு பகுதியை ஓடவிடுகிறது. 2020 ஏப்ரலில் வந்த பயர்பாக்ஸ் 75, விண்டோஸில் இயல்புநிலை உலாவி எது என்ற செய்தியை அதை உருவாக்கும் மொசில்லாவுக்கு அனுப்பும் பின்னணிப் பணியைக் கொண்டுவந்தது. பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் புதுப்பிப்பு நிரலை, கேளாமல் ஓடினாலும், முதற்பொருளிலான ஏவலாகவே ஏற்கிறேன். ஓட்டை தெரிந்தபின் என் அனுமதிக்காக அது காத்திருந்தால் பயனில்லை. நான் எந்த உலாவியைப் பயன்படுத்துகிறேன் என்று வேவு பார்த்துச் சொல்லும் நிரலோ இரண்டாம் பொருளிலான ஏவல்; அதை ஏவியவர் நான் அல்லேன். குரோம், எட்ஜ், பயர்பாக்ஸ் பற்றி மேற்சொன்ன மூன்றையும் அமைப்புகளில் நிறுத்திவிடலாம், ஆயினும் அவை இருப்பதை அறிந்தவர்தாம் அங்கே தேடிச் செல்வர்.