ஊசிக்கு முன்னால் நகர்மன்றம் போட வேண்டிய கையெழுத்துகள்

நகர்மன்றக் கூட்டத்தில் தெருநாய்ப் பேச்சு வந்தால் இரண்டே வரியில் முடிந்துவிடும். ஒரு உறுப்பினர் எழுந்து, "பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களக் கடிக்குதுங்க, எல்லாத்தையும் புடிச்சு ஊசி போட்டு முடிச்சு விடுங்க" என்பார். இன்னொருவர், "வாயில்லா ஜீவனக் கொல்றது பாவங்க" என்பார். ஆணையர் இருவரையும் சமாதானப்படுத்திவிட்டுத் தெருவிளக்குத் தீர்மானத்துக்குப் போய்விடுவார். கால்நடை மருத்துவர் என்ற முறையில் நான் இப்படிப் பல கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு தரப்புக்கும் எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். கருணைக்கொலை என்பது ஒரு நாயைப் பார்த்து மருத்துவர் எடுக்கும் முடிவு. அதை வைத்து ஊரில் நாய்களின் எண்ணிக்கையைக் குறைக்க முடியாது. ஆனால் அந்த ஒரு நாய்க்கு வலியில்லாமல் முடிவு தருவதற்கான ஏற்பாடுகள் எல்லாம் நகராட்சி கையில் இருக்கின்றன. அவற்றைப் பற்றி மட்டும் தீர்மானம் வருவதே இல்லை.

கொன்று குறைக்கும் வழியைச் சென்னை ஏற்கெனவே பார்த்தாயிற்று. பிடித்த நாய்களை மாநகராட்சி மின்சாரம் பாய்ச்சிக் கொன்றுவந்தது. 1990-களின் நடுவில் ஒரு நாளைக்கு 135 நாய்கள் வரை கொல்லப்பட்டதாக ப்ளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு சொல்கிறது. அப்படியும் தெருவில் நாய் குறையவில்லை. குப்பைத்தொட்டியும் கறிக்கடைக் கழிவும் இருக்கிற வரை, காலியான தெருவுக்குப் பக்கத்துத் தெரு நாய் வந்து குட்டி போடும். அந்த அமைப்பு 1964 முதல் சொல்லிவந்த கருத்தடை வழிக்கு மாநகராட்சி 1996-ல்தான் வந்தது. 2001-ல் அதுவே நாடு முழுவதுக்குமான விதியானது. இப்போது நடப்பில் இருப்பது 2023-ம் ஆண்டு விலங்கு இனக்கட்டுப்பாட்டு விதிகள்.

அந்த விதிகளில் கருணைக்கொலைக்கு இடம் உண்டு. கொல்லவே கூடாது என்று சட்டம் சொல்வதாகப் பலர் நினைக்கிறார்கள், அது தவறு. குணமாகாத நோய், பிழைக்கவே முடியாத காயம் ஆகிய இரண்டுக்கும் அனுமதி இருக்கிறது. உள்ளாட்சியின் கண்காணிப்புக் குழு நியமிக்கும் அணி நாயைப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். தகுதி பெற்ற கால்நடை மருத்துவர்தான் ஊசி போட வேண்டும். இன்னொரு நாயின் கண்ணெதிரே செய்யக் கூடாது. காரணத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும். உயிர் போனதை உறுதிசெய்த பிறகே உடலை அப்புறப்படுத்தலாம். தமிழ்நாடு அரசும் 2025 ஜூலையில், தீராத நோயில் அவதிப்படும் தெருநாய்களைப் பதிவு பெற்ற கால்நடை மருத்துவர் கருணைக்கொலை செய்யலாம் என்று அனுமதித்தது. செய்தியின் தலைப்பை மட்டும் படித்தவர்கள் என்னிடம், "நம்ம தெருவுக்கு வண்டி எப்ப சார் வரும்?" என்று கேட்டார்கள். "தீராத" என்ற சொல் அவர்கள் கண்ணில் படவில்லை.

எது தீராதது என்பதில்தான் சிக்கல். பிறப்புறுப்பில் காலிஃபிளவர் மாதிரி சதை வளர்ந்து ரத்தம் சொட்டச் சொட்டத் திரியும் நாயைப் பார்த்திருப்பீர்கள். "புற்றுநோய் சார், கொன்னுடுங்க" என்று அதிகம் கேட்பது இதற்குத்தான். இணைசேரும்போது பரவும் ஒரு கட்டி அது. வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தை வாரம் ஒரு ஊசி, நான்கிலிருந்து ஆறு வாரம். பெரும்பாலான நாய்கள் முழுசாகத் தேறிவிடும். முடியெல்லாம் கொட்டித் தோல் வெடித்துப்போன சொறிநாயும் அப்படித்தான், மருந்துக்குக் கேட்கும்.

நேர் எதிர் ரகம் ஒன்று உண்டு. லாரி ஏறி முதுகெலும்பு முறிந்த நாய். உடம்பில் பெரிய காயம் இருக்காது, முகத்தில் களை இருக்கும், பிஸ்கட் நீட்டினால் வாங்கிக்கொள்ளும். பின்னங்கால் விரலை இடுக்கியால் அழுத்திப் பார்ப்போம். கால் வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். உடனே கொண்டுவந்தவர், "உணர்ச்சி இருக்கு டாக்டர்!" என்பார். கால் இழுப்பது முதுகுத்தண்டுக்குள்ளேயே முடிந்துவிடும் அனிச்சை. நாய் தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும், முனக வேண்டும், கடிக்கவாவது வர வேண்டும். ஒன்றும் இல்லாமல் பிஸ்கட்டையே மென்றுகொண்டிருந்தால் வலி மூளைக்குப் போகவில்லை என்று பொருள். அப்படிப்பட்ட தெருநாய் தானாக மூத்திரம் விடாது, இடுப்பைத் தேய்த்து இழுத்துப் புண்ணாக்கிக்கொள்ளும், புண்ணில் புழு வைக்கும். வீட்டு நாயாக இருந்தால் ஆள் வைத்துப் பார்க்கலாம். தெருவில் யார் பார்ப்பார்கள்? இந்த நாய்க்கு ஊசியை மறுப்பதை நான் கருணைக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

சரி, ஊசி போடுவது என்று முடிவாகிறது. கண்காணிப்புக் குழு கடைசியாக எப்போது கூடியது? பல ஊர்களில் அது காகிதத்தோடு சரி. மருந்துக்கும் இதே கதைதான். கருணைக்கொலைக்கு விதி குறிப்பிடும் பென்டோபார்பிட்டால், 'அட்டவணை எக்ஸ்' என்ற கடும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்து. பூட்டி வைக்க வேண்டும், கணக்கு எழுத வேண்டும், வாங்குவதே பாடு. அதனால் நாங்கள் தயோபென்டோன் என்ற மயக்க மருந்தை அதிக அளவில் கொடுத்துச் சமாளிக்கிறோம். அதுவும் ஸ்டோரில் இல்லாத நாளில், முழு மயக்கம் கொடுக்காமல் மெக்னீசியம் சல்பேட்டை ஏற்றி விடலாம் என்று யோசனை சொல்ல ஆள் வரும். நாய் சுயநினைவோடு மூச்சுத் திணறிச் சாகும். மருந்து வாங்க நகராட்சி பட்ஜெட்டில் ஒரு தொகை ஒதுக்கியிருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

வெறிநாய் விஷயம் தனி. வெறிநோய் சந்தேகம் வந்த நாயைத் தனியே அடைத்து இயற்கையாகச் சாகும் வரை வைத்திருக்க வேண்டும் என்கிறது விதி. நோய் முற்றியிருந்தால் பெரும்பாலும் பத்து நாளுக்குள் இறந்துவிடும். பத்து நாள் கழித்தும் நன்றாக இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று தெரிந்துகொள்ளலாம். இதற்குத் தேவை பூட்டுள்ள தனிக் கூண்டு. அது இல்லாத ஊரில் சனங்களே தடியால் தலையில் அடித்துக் கொன்று புதைத்துவிடுவார்கள். வெறிநோய்தானா என்று உறுதிசெய்யும் பரிசோதனைக்கு வேண்டியது அந்த மூளைதான்.

இப்போது காப்பகம். உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 11 அன்று டெல்லி வட்டார நாய்களையெல்லாம் காப்பகத்துக்குக் கொண்டுபோகச் சொன்னது. ஆகஸ்ட் 22 அன்று அதைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களை அதே இடத்தில் விடலாம், வெறிநோய் உள்ளதையும் மூர்க்கமானதையும் விடக் கூடாது என்றது. நவம்பர் 7 அன்று பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் பிடிக்கும் நாய்களைத் திரும்ப அங்கே விடக் கூடாது என்றது. அப்படியானால் அவற்றை ஆயுசு முழுக்க வைத்திருக்க இடம் வேண்டும். 2024 கணக்கெடுப்பில் சென்னையில் மட்டும் ஏறத்தாழ 1.8 லட்சம் தெருநாய்கள். அதில் ஒரு சிறு பங்குக்கே எத்தனை கூண்டு, எத்தனை ஆள், எத்தனை மூட்டை அரிசி என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

எனக்குப் பயமே இங்கேதான். காசில்லாத காப்பகம் நோயாளி நாய்களை உற்பத்தி செய்யும். ஐந்து நாய் இருக்க வேண்டிய கூண்டில் இருபதை அடைத்தால் சண்டை வரும். ஒரு நாய் டிஸ்டெம்பர் என்ற தொற்றுநோயோடு வந்தால் தடுப்பூசி போடாததெல்லாம் தும்மத் தொடங்கும், அப்புறம் வலிப்பு. நன்றாக இருந்த நாய் ஒரே மாதத்தில் "குணமாகாத நோய்" பட்டியலுக்கு வந்துவிடும். அதற்கு நான் கையெழுத்துப் போடலாம், விதிப்படி தவறில்லை. ஆனால் அந்த நோய் வந்தது எங்கள் கூண்டில். புதிதாக வரும் நாயைத் தனியே வைக்க இடமும், வந்த அன்றே தடுப்பூசியும் இல்லாமல் காப்பகத்தைத் திறக்கவே கூடாது என்பது என் கட்சி.

உங்கள் ஊர் ஏரியா சபையிலோ கிராம சபையிலோ இந்தப் பேச்சு வந்தால், கொல்லலாமா கூடாதா என்று கேட்காதீர்கள். கண்காணிப்புக் குழு எந்தத் தேதியில் கூடியது, தனிக் கூண்டு எத்தனை, கருத்தடை முடிந்த நாய்கள் எத்தனை, கருணைக்கொலைப் பதிவேட்டில் காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். அடிபட்ட நாயைக் கண்டால் கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-க்கு அழையுங்கள், சென்னையில் மாநகராட்சிக்கு 1913. வலியில் இருக்கும் நாய் சோறு போட்டவரையும் கடிக்கும், கையால் தூக்காதீர்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். கடித்த நாயை அடிக்காமல், அது எந்தத் தெருவில் இருக்கிறது என்று மட்டும் சுகாதார ஆய்வாளரிடம் சொல்லுங்கள்.