சிரித்த முகமும் பாதி மாத்திரையும்

தினமும் போட வேண்டிய மாத்திரையைக் காசுக்காக ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்கொண்டிருந்த இன்னொருவரை இந்த வாரம் பார்த்தேன். ரத்தப் புற்றுநோய், இமாட்டினிப் மாத்திரை. ஒவ்வொரு முறையும் சிரித்த முகத்தோடு "நல்லா இருக்கேன் டாக்டர்" என்பார். பரிசோதனை எண்கள் ஏறத் தொடங்கிய பிறகுதான் உண்மை வெளியே வந்தது. ஏன் முன்பே சொல்லவில்லை என்றேன். "கவலைப்பட்டா நோய் கூடும்னு எல்லாரும் சொல்றாங்க. அதான் பணக் கவலையை நினைக்கிறதே இல்ல" என்றார்.

அந்த "எல்லாரும்" யார் என்று தெரிந்தால் நன்றாகத் திட்டலாம்.

மனதைத் தைரியமாக வைத்துக்கொண்டால் கட்டி கரையும் என்பதற்கு ஆதாரம் இல்லை. தலை, கழுத்துப் புற்றுநோய் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்து 2007-இல் வெளிவந்த ஆய்வில், மன நலத்துக்கும் ஆயுளுக்கும் தொடர்பு தெரியவில்லை. முற்றிய மார்பகப் புற்றுநோய் உள்ள பெண்களுக்குக் குழுவாக ஆலோசனை கொடுத்துப் பார்த்த ஆய்வு 2001-இல் வந்தது. அவர்களின் மனச்சோர்வும் வலியும் குறைந்தன, ஆயுள் நீளவில்லை. வலி குறைவதே பெரிய விஷயம்தான், யார் இல்லை என்றது? ஆனால் அழுததால் நோய் திரும்பவில்லை, பயந்ததால் பரவவில்லை. நோய் திரும்பிய பிறகு "நான்தான் மனசைத் தளர விட்டுட்டேன்" என்று குற்ற உணர்வோடு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. உறவினர்களே, அந்தப் பாரத்தை அவர்கள் தலையில் ஏற்றாதீர்கள். அழுதால் அழ விடுங்கள். ஆனால் இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் சொல்லுங்கள். அது மனச்சோர்வாக இருக்கலாம், அதற்கும் சிகிச்சை உண்டு.

சரி, மாத்திரைக்கு வருவோம். இதே இமாட்டினிப் எடுத்தவர்களிடம் லண்டனில் நடந்த ஆய்வு 2010-இல் வந்தது. கொடுத்த மாத்திரையில் 80 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ போட்டவர்களில் ஒருவருக்கும் நோய் எதிர்பார்த்த அளவுக்கு அடங்கவில்லை. பாதி மருந்துக்குப் பாதிப் பலன் என்று கணக்குப் போடாதீர்கள்.

காசு இல்லை என்று முதலிலேயே சொன்னால் எங்களால் செய்யக்கூடியது நிறைய. இமாட்டினிப்பின் ஜெனரிக் வகை, அதாவது அதே மருந்தின் விலை குறைந்த வடிவம், இருக்கிறது. மார்பகப் புற்றுநோய்க்கான டிராஸ்டுசுமாப் ஊசிக்கு அதை ஒத்த விலை குறைந்த மருந்துகள் வந்துவிட்டன. ஐந்து வாரம் ஓடிய மார்பகக் கதிர்வீச்சைப் பலருக்கு மூன்று வாரத்தில் முடிக்கிறோம். ஒரே வாரத்தில் முடிக்கும் முறையும் சிலருக்குப் பொருந்தும் என்று 2020-இல் வந்த பிரிட்டன் ஆய்வு காட்டியது. போக்குவரத்தும் இழக்கும் சம்பளமும் எவ்வளவு மிச்சம் பாருங்கள். நோய் எலும்புக்குப் பரவியவர்களுக்கு எலும்பைக் காக்க மாதா மாதம் போடும் சோலெட்ரோனிக் ஊசியைப் பலருக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை போட்டால் போதும். இவை யாருக்குப் பொருந்தும் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், நீங்களாக மாற்றக் கூடாது. மருத்துவர்களான எங்கள் ஆட்களில் பலர் பணப் பேச்சைத் தாமாக எடுக்க மாட்டார்கள். அதனால் நீங்களே கேளுங்கள்.

ஒரு கீமோ எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். ஸ்கேன், பக்க விளைவுக்கான ஊசி, அட்மிஷன் எல்லாம் சேர்த்து முடியும்வரை எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். காப்பீட்டுக்கு முன் அனுமதி தேவைப்படலாம், ஆகவே சிகிச்சை தொடங்கும் முன்பே மருத்துவமனையின் சமூகப் பணியாளரைப் பாருங்கள். வீட்டை விற்கும் முன் ஒரு கேள்வி: "இந்த மருந்து குணமாக்குமா, நோயைத் தள்ளிப்போடுமா, எவ்வளவு காலம்?" பதில் கசக்கலாம். கடன் வாங்கிய பிறகு கேட்டால் இன்னும் கசக்கும்.

அப்புறம், தயவுசெய்து, மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே போன் செய்யுங்கள். தீர்ந்து பத்து நாள் கழித்து வந்து நல்லா இருக்கேன் என்று சொல்லாதீர்கள்.