ஒரு மாத முன்னறிவித்தல் போதாது: இலங்கையில் ஊழியரை நிறுத்துமுன் தொழில்தருநர் பார்க்க வேண்டிய சட்டம்

நியமனக் கடிதத்தில் “இரு தரப்பில் எவரும் ஒரு மாத முன்னறிவித்தலுடன் சேவையை முடித்துக்கொள்ளலாம்” என்று ஒரு வரி இருக்கும். அநேகமாக எல்லாக் கம்பனிகளின் கடிதத்திலும் இருக்கும். வியாபாரம் படுத்துவிட்டது, ஆட்களைக் குறைக்க வேண்டும் என்றதும் முதலாளி நம்பி எடுப்பதும் இந்த வரியைத்தான். ஊழியர் விலகிப் போக அது உதவும். முதலாளி அவரை அனுப்ப உதவாது. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க, வேலையாட்களின் தொழிலை முடிவுறுத்தல் (விசேட ஏற்பாடுகள்) சட்டம் அந்த வரிக்கு மேலே நிற்கிறது.

சட்டம் தருவது இரண்டே வழி. ஊழியரின் எழுத்துமூலச் சம்மதம் ஒன்று. தொழில் ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி மற்றது. இரண்டில் எதுவானாலும் நிறுத்துவதற்கு முன்னரே கையில் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் நிறுத்தினால் அந்த நிறுத்தம் சட்டவிரோதமானது, வெற்றானது, எந்தப் பயனும் அற்றது என்று 5ஆம் பிரிவு சொல்கிறது. அதன் பொருள், அவர் இன்னமும் உங்கள் ஊழியர். 6ஆம் பிரிவின் கீழ் அவரைத் திரும்ப வேலையில் வைக்கவும் இடைக்காலச் சம்பளத்தைக் கொடுக்கவும் ஆணையாளர் கட்டளையிடலாம்.

யாருக்குப் பொருந்தும்? சம்பளச் சபை உள்ள தொழில்கள், கடை காரியாலய ஊழியர் சட்டத்துக்குள் வரும் இடங்கள், தொழிற்சாலைகள் என்று தனியார் துறையின் பெரும்பகுதி இதற்குள் வந்துவிடும். விலக்கு உள்ளவற்றில் தனியார் துறைக்கு முக்கியமானவை மூன்று: 15 பேருக்குக் குறைந்த நிறுவனம், கடந்த 12 மாதத்தில் 180 நாளுக்குக் குறைவாக வேலை செய்தவர், ஒப்பந்தப்படி ஓய்வு பெறுபவர்.

அந்த 15ஐ எண்ணுவதில்தான் பலர் தவறுகிறார்கள். நிறுத்தும் நாளில் எத்தனை பேர் என்பது கணக்கே இல்லை. நிறுத்தும் மாதத்துக்கு முந்திய ஆறு மாதங்களின் சராசரிதான் கணக்கு. ஓர் அச்சகத்தில் அந்த ஆறு மாதமும் முறையே 18, 17, 16, 14, 13, 12 பேர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 90, ஆறால் வகுத்தால் சரியாக 15. இன்றைக்கு 12 பேர்தானே என்று முதலாளி நினைத்தாலும் சட்டம் பொருந்தும். ஒருவர் குறைந்திருந்தால் தப்பியிருப்பார், அதுவும் பாதிதான். 15க்குக் குறைந்த இடத்து ஊழியரும் 1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் கீழ் தொழில் நியாய சபைக்குப் போகலாம். நீதியும் ஒப்புரவுமான கட்டளை என்ற பெயரில் அது மீள்நியமனமும் வழங்கலாம், நட்டஈடும் வழங்கலாம்.

நிரந்தரமாக நிறுத்துவது மட்டும்தான் ‘முடிவுறுத்தல்’ என்று எண்ண வேண்டாம். “ஓடர் வரும்வரை மூன்று மாதம் வீட்டில் இருங்கள்” என்று சம்பளமில்லாமல் அனுப்புவதும் அதற்குள் அடக்கம். தற்காலிகமாக வேலை கொடாமையையும் சட்டம் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. 2020இல் கொவிட் முடக்கத்தின்போது வேலையில்லாத காலத்துக்கு அரைச் சம்பளம் அல்லது 14,500 ரூபா என்று முத்தரப்பு உடன்பாடு செய்ய வேண்டிவந்த பின்னணியும் இதுதான்.

ஒழுக்காற்றுத் தண்டனையாக நிறுத்துவது வேறு கதை. அதற்கு ஆணையாளரின் அனுமதி வேண்டாம். ஆனால் நிறுத்திய திகதிக்குப் பின் இரண்டாவது வேலைநாள் முடிவதற்குள் காரணங்களை எழுத்தில் அறிவிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை நிறுத்தினால், சனி ஞாயிறு விடுமுறையுள்ள இடத்தில், செவ்வாய்க்கிழமைக்குள் கடிதம் போய்ச் சேர வேண்டும். “உங்கள் சேவை இனித் தேவையில்லை” என்ற கடிதம் காரணமே சொல்லாத கடிதம். குற்றச்சாட்டுப் பத்திரம், ஊழியரின் விளக்கம், விசாரணைக் குறிப்பு இவை எதுவும் கோப்பில் இல்லாமல், ஆட்குறைப்பை ஒழுக்காற்று நடவடிக்கை என்று பின்னர் பெயர் மாற்றப் பார்ப்பது எடுபடாது.

சம்மத வழியில் போனால் கடிதத்தின் திகதியைக் கவனியுங்கள். நிறுத்திய மறுநாள் வாங்கிய கையொப்பம் ‘முன்’ சம்மதம் ஆகாது. தொகை எவ்வளவு, எந்தத் திகதியில் சேவை முடிகிறது, பணிக்கொடை தனியாக எவ்வளவு என்பவற்றை ஊழியருக்கு விளங்கும் மொழியில் எழுதி, யோசிக்க சில நாள் கொடுப்பது நல்லது. அறைக்குள் கூப்பிட்டு அரை மணி நேரத்தில் வாங்கிய இராஜினாமாவை, வற்புறுத்தி வாங்கினார்கள் என்று பின்னர் சொல்வது இலகு.

அனுமதி வழியில், நாரஹேன்பிட்டி தொழில் செயலகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஒவ்வொருவரின் பெயர், பதவி, சேர்ந்த திகதி, கடைசிச் சம்பளம், ஏன் இவர்கள் மட்டும் என்ற காரணம், நட்டத்தைக் காட்டும் கணக்காய்வு செய்த கணக்குகள் ஆகியவற்றை முதலிலேயே ஒழுங்காகக் கொடுங்கள். விசாரணையில் கேட்கப்படுபவை இவைதான். இரண்டு மாதத்துக்குள் தீர்மானம் தர வேண்டும் என்பது 2003 திருத்தம். பதில் வரவில்லை என்றால் அது அனுமதி ஆகிவிடாது. தீர்மானம் வரும்வரை சம்பளமும், ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளியின் 12 சதவீதமும், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 சதவீதமும் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் செலவைத் திட்டத்தில் சேர்க்காமல் விண்ணப்பிப்பவர்களே இடைநடுவில் பொறுமையிழந்து கதவை மூடுகிறார்கள்.

அனுமதி கிடைத்தால் நட்டஈடு 2005இல் வர்த்தமானியில் வந்த சூத்திரப்படி: முதல் 5 வருடத்துக்கு வருடத்துக்கு 2.5 மாதச் சம்பளம், 6 முதல் 14 வரை 2 மாதம், 15 முதல் 19 வரை 1.5, 20 முதல் 24 வரை 1, 25 முதல் 34 வரை அரை மாதம். எல்லாம் சேர்த்து அதிகபட்சம் 48 மாதம். தொகையின் உச்சவரம்பு 12.5 இலட்சமாக இருந்து, 2021இல் 25 இலட்சம் ரூபாவாக உயர்ந்தது.

80,000 ரூபா சம்பளத்தில் 12 வருடம் வேலை செய்தவருக்கு 12.5 உடன் 14 சேர்த்து 26.5 மாதம், 21,20,000 ரூபா. அதே சம்பளத்தில் 22 வருடம் என்றால் 41 மாதம், 32,80,000 வரும். ஆனால் உச்சவரம்பு 25 இலட்சத்தில் நிறுத்திவிடும்.

இதற்குள் பணிக்கொடை அடங்காது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 5 வருடம் முடித்த மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். மேலே சொன்ன 12 வருடக்காரருக்கு 4,80,000. இங்கேயும் 15 பேர் என்ற எல்லை உண்டு, ஆனால் எண்ணும் முறை வேறு: முந்திய 12 மாதத்தில் ஏதாவது ஒரு நாள் 15 பேர் இருந்திருந்தாலே போதும். சேவை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். பிந்தினால் மேலதிகக் கட்டணம் 10 சதவீதத்தில் தொடங்கி, ஒரு வருடம் தாண்டியதும் 30 சதவீதம்.