208 என்ற எண் எங்கிருந்து வந்தது?

மாதச் சம்பளம் 30 ஆயிரம் ரூபாய். மணிக்கு எவ்வளவு? ஒரு கணக்கர் 125 என்பார். இன்னொருவர் 144.23 என்பார். சனி, ஞாயிறு இரண்டும் விடுமுறையாக உள்ள ஐ.டி. அலுவலகத்தில் கேட்டால் 170.45 வரும். மூவரும் வகுத்ததில் பிழை இல்லை. முதலாமவர் 30 நாள், நாளுக்கு 8 மணி என்று 240-ஆல் வகுத்தார். இரண்டாமவர் 26 நாள் என்று 208-ஆல். மூன்றாமவர் 22 நாள் என்று 176-ஆல். மேலே உள்ள தொகை எல்லோருக்கும் தெரிந்ததுதான். தகராறு எல்லாம் கீழே உள்ள எண்ணில்.

26 வந்த வழி இது. வருடத்தின் 365 நாளில் வாரம் ஒரு ஓய்வுநாள் என்று 52-ஐக் கழித்தால் 313. அதைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பங்கிட்டால் 26.08, தசமத்தை விட்டுவிட்டார்கள். நாளுக்கு 8 மணி வீதம் 208. வாரக் கணக்கில் போனாலும் அதே இடத்துக்குத்தான் வருவோம்: 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வைத்த வரம்பு வாரத்துக்கு 48 மணி, 52 வாரத்துக்கு 2,496 மணி, 12-ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 208. பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) 15 நாள் சம்பளத்தைக் கணக்கிட மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்குவதும் இதே 26-தான்.

மாதச் சம்பளம் ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்துத்தானே, பிறகேன் 30-ஆல் வகுக்கக் கூடாது என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு நாளின் விலை வேண்டுமானால் அந்த வாதம் ஓரளவு நிற்கும். ஒரு மணியின் விலைக்கு நிற்காது. ஞாயிற்றுக்கிழமை யாரும் 8 மணி நேரம் வேலை செய்வதில்லை. செய்யாத 32 மணியைக் கீழே சேர்த்தால் செய்த மணியின் விலை குறைந்துவிடும். விடுப்புக்குப் பிடிக்கும்போது 26-ஆலும், ஓவர்டைம் கொடுக்கும்போது 30-ஆலும் வகுக்கும் இடம் எங்காவது இருந்தால், அதைக் கணக்குப் பிழை என்று நினைத்துவிட வேண்டாம்.

எதிர்ப்பக்கத்தில் ஒரு பிழை உண்டு. மாதத்துக்கு நான்கு வாரம் என்று வைத்து 48-ஐ நான்கால் பெருக்கினால் 192 மணிதான் வரும். 30 ஆயிரத்தை அதனால் வகுத்தால் 156.25, அதாவது எட்டு சதவீதத்துக்கு மேல் கூடுதல். மாதத்துக்கு நான்கு வாரமும் சொச்சமும் இருக்கிறது. அந்தச் சொச்சம் வருடத்தில் முழுதாக நான்கு வாரம்.

மற்ற நாடுகளில் எண் மாறும், வழி மாறாது. சிங்கப்பூரில் மாத பேசிக்கை, அதாவது படிகள் சேராத அடிப்படைச் சம்பளத்தை, 12-ஆல் பெருக்கி, 52 வாரம், வாரத்துக்கு 44 மணி, அதாவது 2,288-ஆல் வகுக்கச் சொல்கிறது சட்டம். இலங்கையில் கடை, அலுவலக ஊழியர்களுக்கு 240-ஆல் வகுத்து, ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு தருவது வழக்கம். அமெரிக்காவில் வாரம் 40 மணி, ஆண்டுக்கு 2,080. ஆனால் அந்நாட்டு மத்திய அரசு ஊழியர்களுக்கு வகுக்கும் எண் 2,087. இந்த ஏழு மணி எங்கிருந்து முளைத்தது? 52 வாரம் என்பது 364 நாள்தான். ஆண்டுக்கு ஒரு நாளோ, லீப் ஆண்டென்றால் இரண்டு நாளோ மிஞ்சும். தேதியும் கிழமையும் 28 ஆண்டுக்கு ஒருமுறை அச்சு மாறாமல் திரும்பி வரும். அந்த 28 ஆண்டில் 10,227 நாள், சரியாக 1,461 வாரம். வாரத்துக்கு 40 மணி வீதம் 58,440 மணி. 28-ஆல் வகுத்தால் 2,087.14. ஆண்டுக்கு 60 ஆயிரம் டாலர் வாங்குபவருக்கு இதனால் மணிக்குப் பத்து சென்ட் குறையும்.

நம் ஊரில் இந்தக் கணக்கு அதிகம் தேவைப்படுவது ஓவர்டைமுக்குத்தான். 1948 சட்டம் இரட்டிப்பு என்றது. 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பும் இரட்டிப்புக்குக் குறையக் கூடாது என்கிறது. மாதம் 40 மணி ஓவர்டைம் பார்த்தவருக்கு 208-ஆல் வகுத்தால் 11,538 ரூபாய் 46 காசு. 240-ஆல் வகுத்தால் 10,000. வகுக்கும் எண் ஒன்றிலேயே 1,538 ரூபாய் போய்விட்டது. பேசிக்கை மட்டும் எடுத்து இரட்டிப்பது இன்னொரு வழக்கம். 1948 சட்டத்தின்படி சாதாரண ஊதிய விகிதம் என்பது பேசிக்கோடு படிகளும் சேர்ந்ததாக இருந்தது. போனசும் ஓவர்டைமும் மட்டும் சேரவில்லை. அந்தக் கணக்கில், பேசிக் பாதி, படிகள் பாதி என்றால், பேசிக்கை மட்டும் இரட்டிப்பவர் கொடுப்பது உண்மையில் ஒற்றைக் கூலிதான்.

ஆண்டுக்கு 6 லட்சம் சிடிசி (ஒருவருக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு) என்று சொல்லி வேலைக்கு எடுத்தால், மேலே உள்ள எண்ணிலும் கவனம் வேண்டும். மாதத்துக்கு 50 ஆயிரம், மணிக்கு 240 என்று தோன்றும். பேசிக் 25 ஆயிரம் என்று கொள்வோம். நிறுவனம் கட்டும் பி.எஃப். 12 சதவீதம், 3,000 ரூபாய். பணிக்கொடைக்கு ஒதுக்குவது 4.81 சதவீதம், 1,202 ரூபாய். (அந்த 4.81 வானத்திலிருந்து விழவில்லை. 15-ஐ 26-ஆலும் பிறகு 12-ஆலும் வகுத்தால் வருவது.) மிஞ்சுவது 45,798. மணிக்கு 220. வரிப் பிடித்தமும் ஊழியர் பங்கு பி.எஃப்.பும் இதற்குப் பிறகுதான்.

மணியை எழுதும் விதத்திலும் பணம் ஒழுகும். வருகைப்பதிவு இயந்திரம் 8:45 என்று காட்டுகிறது. அதை 8.45 என்று தட்டினால் நாளுக்கு 18 நிமிடம் காணாமல் போகும், ஏனென்றால் 45 நிமிடம் என்பது 0.75 மணி. எக்செல் இன்னும் வேடிக்கை செய்யும். அது ஒரு முழு நாளை 1 என்று வைத்துக்கொள்கிறது. 8:45 என்பது அதற்குள் 0.3646. நேராக 144.23-ஆல் பெருக்கினால் 1,262 ரூபாய்க்குப் பதில் 52 ரூபாய் சொச்சம் வரும். 24-ஆல் பெருக்கிய பிறகே கூலியால் பெருக்க வேண்டும். கூட்டுத்தொகை 24 மணியைத் தாண்டினால் திரும்பவும் பூஜ்யத்திலிருந்து காட்டும்: 40 மணி ஓவர்டைம் 16:00 என்று நிற்கும். மணிக்குரிய எழுத்தைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டு, அதாவது [h]:mm என்று, அந்தக் கட்டத்தின் வடிவத்தை மாற்றினால் சரியாகும்.

ஆண்டறிக்கைகளில் தலைப்பில் சின்னதாக ‘ரூபாய் ஆயிரத்தில்’ என்று போட்டிருப்பார்கள். கூலிச் செலவு 18,720 என்றால் அது 1 கோடியே 87 லட்சத்து 20 ஆயிரம். ஆட்கள் 60 பேர், ஆளுக்கு 2,496 மணி, மொத்தம் 1,49,760 மணி. பூஜ்யங்களோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. மணியையும் ஆயிரத்தில் எழுதிவிட்டால் 149.76. இப்போது 18,720-ஐ 149.76-ஆல் வகுத்தால் 125. ஆயிரமும் ஆயிரமும் அடிபட்டுப் போகும். ஒன்றை மட்டும் ஆயிரத்தில் விட்டுவிட்டால்தான் மணிக்கூலி 12.5 காசு என்று வந்து நிற்கும்.

பேனா எடுக்காமல் சொல்லவும் வழி உண்டு. ஆயிரத்தை 208-ஆல் வகுத்தால் 4.8. எனவே சம்பளத்தை ஆயிரத்தில் வைத்து ஐந்தால் பெருக்கி, அதே எண்ணின் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் போதும். 30-க்கு 150, அதில் 6 போக 144. ஆண்டுச் சம்பளம் லட்சத்தில் தெரிந்தால் நாற்பதால் பெருக்கலாம்: 6 லட்சத்துக்கு 240. இரண்டிலும் பிழை ஆயிரத்துக்கு இரண்டைத் தாண்டாது. வாய்க்கணக்குக்கு இது போதும். சம்பளப் பட்டியலில் தசமங்களைக் கடைசி வரியில்தான் வெட்ட வேண்டும். 144.23-ஐ 144 ஆக்கிவிட்டு அந்த 40 மணி ஓவர்டைமைக் கணக்கிட்டால் ஆளுக்கு 18 ரூபாய் குறையும், 200 பேருக்கு மாதம் 3,692.

சம்பளத்தை விட்டுவிட்டுத் தனியாகத் தொழில் செய்பவருக்கு 208 பொருந்தவே பொருந்தாது. கைக்கு மாதம் 50 ஆயிரம் வேண்டும் என்றால் ஆண்டுக்கு 6 லட்சம். கணினி, இணையம், மின்சாரம், காப்பீட்டுக்கு 1,20,000 என்று வைத்தால் 7,20,000. பண்டிகை, காய்ச்சல், வேலை கிடைக்காத நாட்கள் போக 46 வாரம் மிஞ்சும். வாரம் ஐந்து நாள் உட்கார்ந்தாலும் விலை பேசுவது, பில் போடுவது, பாக்கியைக் கேட்டு போன் செய்வது எல்லாம் போக, காசு வாங்கக்கூடிய நேரம் நாளுக்கு 5 மணி. ஆண்டுக்கு 1,150 மணி. 7,20,000-ஐ அதனால் வகுத்தால் மணிக்கு 626 ரூபாய். 208-ஐ நம்பி 240 என்று சொல்லியிருந்தால் ஆண்டு முடிவில் வரவு 2,76,000. செலவு போக மாதத்துக்கு 13 ஆயிரம்.